கடைசி நிறுத்தத்தில் இறங்கும் பெண்கள்

வீராயிக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் மாசிலாமணி முதலில் நினைத்தார். ஒரே கேள்வியை நான்கு விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டார். நான்குக்கும் ஒரே பதில்.

"காலையில பஸ் ஏறி எங்கம்மா இறங்குவ?"

"ஊத்துப்பாறைங்க. கடைசி ஸ்டாப்."

"அங்க என்ன வேலை?"

"வேலை ஒண்ணும் இல்லைங்க."

"பின்ன எதுக்குப் போற?"

"போறேங்க. சாயங்காலம் வரைக்கும் நிப்பேன். அப்புறம் திரும்பி ஏறிருவேன்."

சொல்லிவிட்டுத் திரையில் இருந்த பெண் சிரித்த முகமாகவே நின்றாள். மாசிலாமணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் போட்டார்.

இது அசல் வீராயி இல்லை. அசல் வீராயி அந்த நேரத்தில் பெரிய ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். திரையில் இருந்தது நகல். பத்து லட்சம் பேர் வாழ்கிற அந்த ஊரைத் தெருத்தெருவாக, ஆள் ஆளாக ஒரு கணினிக்குள் மறுபடி கட்டி வைத்திருந்தார்கள். டிக்கெட் மெஷின், மின்சார மீட்டர், ரேஷன் கடை, வேலைக்குப் போகிற இடத்தில் விரல் வைக்கிற கருவி என்று எதெதிலிருந்தோ தகவலை உறிஞ்சி, இன்ன தெருவில் இன்ன வயதில் இன்ன வேலைக்குப் போகிறவர்கள் இத்தனை பேர் என்று அதுவே ஆட்களை உண்டாக்கிக்கொண்டது. அவர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். கொட்டடி வடக்குத் தெருவில் குடியிருக்கும், நாற்பத்தாறு வயதான, ரேஷன் அட்டையில் துப்புரவு வேலை என்று பதிந்திருக்கும் 40217-ஆம் எண்ணை வீராயி என்று அழைத்தது மாசிலாமணி மட்டும்தான். அந்தத் தெருவில் அந்த வயதில் அந்த வேலைக்குப் போகிறவள் வேறு யாரும் அவருக்குத் தெரிந்து இல்லை.

ஊர் பெயர் எதற்கு? இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் எல்லா ஊரிலும் இந்தக் கூத்துதான் நடக்கப்போகிறது. அந்த ஊரின் பேருந்துக் கழகத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு டீசல் பஸ்கள் இருந்தன. பாதி பஸ்களில் மழை பெய்தால் உள்ளே குடை பிடிக்க வேண்டும், மீதிப் பாதியில் தரைத் தகடு பெயர்ந்து ரோடு தெரியும். அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டு மின்சார பஸ் வாங்க ஒரு வெளிநாட்டு வங்கி கடன் தர முன்வந்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. திட்டத்தை அந்த நகல்தான் வகுக்க வேண்டும், மக்கள் கருத்தையும் நகலிடமே கேட்க வேண்டும்.

அதற்கு வங்கி சொன்ன காரணம் கேட்க நியாயமாகவே இருந்தது. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நேரில் வருகிறவர்கள் சத்தம் போடத் தெரிந்தவர்கள், நேரம் இருப்பவர்கள், கட்சிக்காரர்கள். வேலையை விட்டுவிட்டு வர முடியாதவர்களின் கருத்து எப்போதுமே காற்றில் போய்விடுகிறது. நகலில் பத்து லட்சம் பேரையும் ஒரு மணி நேரத்தில் கேட்டுவிடலாம். மூன்று கேட்பு முடிந்துவிட்டது. மூன்றிலும் ஒன்பதாம் நம்பர் வழித்தடத்துக்கு நேரே ஒரே வரிதான் இருந்தது: ஆட்சேபம் எதுவும் இல்லை.

கொட்டடியிலிருந்து ஊத்துப்பாறை வரை பதினான்கு கிலோமீட்டர், இருபத்திரண்டு நிறுத்தம். அதுதான் ஒன்பதாம் நம்பர். நகல் போட்ட திட்டத்தில் இருபத்திரண்டில் ஆறுதான் மிஞ்சியிருந்தது. நிறுத்தம் குறைந்தால் பஸ் சீக்கிரம் போய்ச் சீக்கிரம் திரும்பும், சீக்கிரம் திரும்பினால் குறைவான பஸ் போதும், பஸ் குறைந்தால் பேட்டரி குறையும், கடனும் குறையும். கணக்கெல்லாம் சரிதான். ஆனால் பெரிய ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்கு எதிரே இருக்கும் சுண்ணாம்புச்சூளை நிறுத்தத்தையும் அது அடித்துப் போட்டிருந்தது. முன்னும் பின்னும் இருக்கிற நிறுத்தத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தால் மூன்றரை கிலோமீட்டர். காலை முதல் வண்டியில் மட்டும் எழுபது பெண்கள் அங்கே இறங்குகிறார்கள். துப்புரவுக்காரிகள், ஆயாக்கள், சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவர்கள். எல்லாரும் ஒப்பந்தக் கூலி. ஆறு மணிக்கு விரல் வைக்க வேண்டும், ஆறு ஐந்தைத் தாண்டினால் அரை நாள் சம்பளம் போச்சு.

இந்தப் பக்கம் சூளையை அழித்த நகல், அந்தப் பக்கம் ஊத்துப்பாறையில் நாற்பது பஸ் நிற்கிற சார்ஜிங் முனையமும், பெண்களுக்குக் காத்திருப்புக் கூடமும், இரண்டு மாடிக் கடை வளாகமும் கட்டச் சொல்லியிருந்தது. ஊத்துப்பாறையில் என்ன இருக்கிறது? ஒரு குடிநீர்த் தொட்டி, ஒரு டீக்கடை, கண்ணுக்கெட்டிய தூரம் வேலிக்காத்தான்.

மாசிலாமணி கழகத்தின் உதவித் திட்ட அலுவலர். ஒன்பதாம் நம்பரில் பதினான்கு வருஷம் கண்டக்டராக விசில் ஊதிவிட்டுத் துறைத் தேர்வு எழுதி மேஜைக்கு வந்தவர். வயது ஐம்பத்தொன்று. அந்தத் தடத்தில் எந்த வேகத்தடையில் எந்த சீட் ஆடும் என்பதுகூட அவருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. அன்றைக்குத் திங்கள்.

வங்கி சார்பில் நகலைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தவள் ஆரபி என்ற பெண். முப்பது வயதுகூட இருக்காது. கெட்டிக்காரி, மரியாதை தெரிந்தவள், அதனாலேயே அவளிடம் கோபப்படவும் முடியவில்லை. அவளைக் கூப்பிட்டு, உங்கள் நகலில் ஒரு பொம்பளை தினமும் பொட்டல்காட்டுக்குப் போய்ச் சாயங்காலம்வரை சும்மா நின்றுவிட்டு வருகிறாளாம், இது என்ன கர்மம் என்று கேட்டார்.

"ஒரு பொம்பளை இல்ல சார்," என்றாள் ஆரபி. "ஒன்பதாயிரம் பேர்."

திரையைத் தட்டி ஊத்துப்பாறையைக் காட்டினாள். மாசிலாமணி எட்டிப் பார்த்தார். குடிநீர்த் தொட்டியைச் சுற்றி, டீக்கடையைச் சுற்றி, வேலிக்காத்தானுக்கு நடுவே, ஒன்பதாயிரம் பெண்கள் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் யாருடனும் பேசவில்லை. எல்லார் முகத்திலும் அதே சிரிப்பு. 

"எதுக்கு நிக்கறாங்கன்னு நகலுக்கும் புரியல சார். ஆனா போறாங்கங்கறது உறுதி. கட்டணமில்லாச் சீட்டு ஒவ்வொண்ணுலயும் ஏறின இடம் கொட்டடி, இறங்கின இடம் ஊத்துப்பாறைன்னு இருக்கு. பதினஞ்சு வருஷ டேட்டா. நடுவுல ஒரு பொண்ணுகூட இறங்கினதே இல்ல. சந்தேகப்பட்டு நானே மூணு தடவை சரிபார்த்தேன். டிக்கெட் எதுக்கு சார் பொய் சொல்லப்போகுது?"

மாசிலாமணி திரையிலிருந்து கண்ணை எடுத்துத் தன் வலது கட்டைவிரலைப் பார்த்தார்.  

டிக்கெட் பொய் சொன்னது. சொல்ல வைத்தவர் அவர்.

பெண்களுக்குப் பஸ்ஸில் கட்டணம் கிடையாது என்று வந்த புதிதில், காசு வாங்காவிட்டாலும் சீட்டுக் கொடுத்தே ஆகவேண்டும் என்று உத்தரவு. முதல் வண்டியில் எழுபது எண்பது பெண்கள். ஒவ்வொருத்தியிடமும் எங்கே இறங்கணும் என்று கேட்டு, மெஷினில் இடத்தை மாற்றி, சீட்டைக் கிழித்துக் கொடுப்பதற்குள் கட்டணம் மாறுகிற அடுத்த ஸ்டேஜ் வந்துவிடும். சீட்டுக் கொடுத்து முடிக்காமல் ஸ்டேஜைத் தாண்டினால் செக்கர் பிடிப்பான். ஆகவே ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் வண்டியை ஓரம் கட்டி நிறுத்த வேண்டும். முதல் வாரம் அப்படித்தான் செய்தார். முதல் வாரம் எழுபது பேருக்கும் நான்கு அரை நாள் சம்பளம் போனது. ஒருத்தி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுததைப் பார்த்த பிறகுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. ஏறும்போது தலையை எண்ணிக்கொள்வது. கொட்டடியில் மெஷினைத் திறந்ததும் முதல் நிறுத்தம், கடைசி நிறுத்தம் என்று அது தானாகவே காட்டும், அதை மாற்றாமல் 'பெண்கள் 74' என்று ஒரே அடி அடிப்பது. சீட்டு நாடாவாக வந்து விழும். சுருட்டிப் பைக்குள் போட்டுவிட்டு விசில் ஊத வேண்டியதுதான்.

டெப்போவில் அதற்கு 'நாடா அடிக்கிறது' என்று பெயரே வந்துவிட்டது. ஒரு வருஷத்துக்குள் எல்லாக் கண்டக்டரும் நாடா அடித்தார்கள். புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு மாசிலாமணியே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். எண்ணிக்கையில் ஒரு தலை கூடவும் கூடாது, ஒரு தலை குறையவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிக் கொடுத்தார். எண்ணிக்கை சரியாக இருந்தது. இடம்தான் பொய். இடத்தை யார் கேட்கப்போகிறார்கள் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

மறுநாள் மத்தியானம் சுண்ணாம்புச்சூளைக்குப் போய், ஷிப்ட் முடிந்து வந்த வீராயியைப் பிடித்தார். அவளுக்கு அவரைப் பார்த்ததில் சந்தோஷம். ஆபீசரான பிறகு அண்ணன் இந்தப் பக்கமே வருவதில்லை என்று குறைப்பட்டாள். அவர் விஷயத்தைச் சொன்னார். ஸ்டாப்பை எடுக்கப்போகிறார்கள் என்றதும் அவள் முகம் சுருங்கியது. மூன்றரை கிலோமீட்டர் நடந்தால் ஆறுக்கு எப்படி விரல் வைப்பது, ஆட்டோவுக்குக் கொடுத்தால் கூலியில் என்ன மிஞ்சும், இந்த வேலையை விட்டால் மகள் காலேஜ் என்னாவது என்று அடுக்கினாள். பிறகு கேட்டாள்.

"எங்கள ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்களாண்ணே?"

"கேட்டாங்க. நீ சரின்னு சொல்லிட்ட."

"நானா? எப்ப?"

 கணினிக்குள் உன்னை மாதிரி ஒருத்தி இருக்கிறாள், அவள் ஊத்துப்பாறையில் போய் நிற்கிறாள் என்றார். வீராயி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அவளுக்கு வேற வேலவெட்டி இல்லையாமா?"

"இல்லையாம்."

"குடுத்து வெச்ச சிறுக்கி," என்றாள் வீராயி. அப்போது அவள் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். மாசிலாமணி தலையில் அடித்துக்கொண்டு ஆபீசுக்குத் திரும்பினார்.

பொது மேலாளர் ஹபீபுல்லா நல்ல மனிதர். இரண்டு வருஷமாக இந்தக் கடனுக்காக அலைந்து சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இரண்டையும் சம்பாதித்தவர். மாசிலாமணி சொல்லி முடிக்கும்வரை பேசாமல் கேட்டார். கேட்ட பிறகு டிராயரைத் திறந்து ஒரு மாத்திரை போட்டுக்கொண்டார்.

"மாசிலாமணி, நான் ஒண்ணு கேக்கறேன். பதினஞ்சு வருஷமா நீங்க வாயைத் திறக்கல. இன்னும் நாலு நாள் திறக்காம இருந்தா என்ன?"

கடன் வந்து பஸ்ஸும் வரட்டும், பிறகு ஓசைப்படாமல் சூளையில் ஒரு ஸ்டாப்பைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். அது முடியாது என்பது அவருக்கும் தெரியும். புது பஸ் நகல் சொன்ன இடத்தில்தான் நிற்கும், வேறு இடத்தில் கதவு திறக்காது, திறந்தால் வங்கி தரும் அந்த மாதத் தவணை நிற்கும். ஒப்பந்தத்தில் இருபத்தெட்டாம் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை டைப் செய்ததே மாசிலாமணிதான்.

ஆரபியை வரவழைத்துக் கையாலேயே திருத்த வழி உண்டா என்று கேட்டார்கள். அவள் பாவம், கூச்சத்தோடு சொன்னாள். மனிதர்கள் சொல்கிற எதையும் நகல் எடுத்துக்கொள்ளாது. அவள் சொன்னாலும் எடுக்காது, முதலமைச்சரே வந்து சொன்னாலும் எடுக்காது. அதற்குச் சிபாரிசு ஏறாது என்பதால்தான் வங்கி அதை நம்புகிறது. டிக்கெட் சொன்னால் மட்டும் கேட்கும். பழைய டேட்டா தவறு என்று, தவறு செய்த ஆளே பெயர் போட்டு எழுதிக் கொடுத்தால், வெள்ளிக்கிழமை ஒப்பந்தம் கையெழுத்தானாலும் அந்த ஒரு தடத்துக்கு மட்டும் முப்பது நாள் அவகாசம் தரும். முப்பது நாளும் முதல் வண்டியில் சீட்டுச் சீட்டாக உண்மையான இடத்தோடு வந்தாக வேண்டும்.

"இறங்கற இடம் சரியாத் தெரிஞ்சா போதும் சார்," என்றாள். "மத்ததை அதுவே தேடிச் சேர்த்துக்கும். எங்க வேலை, எத்தன மணிக்கு விரல் வெக்கறாங்க, எல்லாம். தினமும் ஏழு மணிக்குத் தன்னைத் திருத்திக்கிட்டு மறுபடி கருத்தும் கேட்கும்."

"நான் எழுதித் தரேன்," என்றார் மாசிலாமணி.

ஹபீபுல்லா நிமிர்ந்தார். "எழுதினா என்ன ஆகும்னு தெரியுமா? தப்பான டேட்டா குடுத்த ஆள் திட்டப் பிரிவுல இருக்கக் கூடாதுன்னு அவங்களே கேப்பாங்க. விசாரணை முடியற வரைக்கும் உங்கள பழைய வேலைக்குத்தான் அனுப்பணும். இந்த வயசுல பை தூக்குவீங்களா?"

 மாசிலாமணிக்கு ஆத்திரம் வந்தது, அது யார்மேல் என்றுதான் புரியவில்லை. நாடா அடித்தது எதற்காக? அந்தப் பெண்கள் நேரத்துக்குப் போகவேண்டும் என்றுதானே. அவர்களுக்காகச் சொன்ன பொய்யே அவர்கள் ஸ்டாப்பைத் தின்றுவிட்டது. மேஜைமேல் கிடந்த பேனாவை எடுத்து, நின்றபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அதன்பிறகுதான் அவருக்கு அடுத்த இடி உறைத்தது. சீட்டுச் சீட்டாக அடித்தால் வண்டி லேட்டாகுமே. முதல் வண்டியைக் கால் மணி நேரம் முன்னால் எடுக்க அனுமதி கேட்டார். ஆரபி உதட்டைப் பிதுக்கினாள். சோதனைக் காலத்தில் மனிதர்கள் நேரத்தை மாற்றினால் சோதனை செல்லாது. நகல் தானாக மாற்றினால்தான் உண்டு. நகலோ மாற்றவில்லை, ஏனென்றால் ஊத்துப்பாறையில் சும்மா நிற்கப் போகிறவர்களுக்கு லேட் என்று ஒன்று கிடையாது. மாசிலாமணி ஒரு வாரம் கரடியாய்க் கத்தினார். வங்கிக்கு ஐந்து மெயில் போட்டார். ஐந்துக்கும், தங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது.

இப்படியாக ஒன்பது வருஷம் கழித்து மாசிலாமணி மறுபடி காக்கிச் சட்டை போட்டார். வயிற்றுப் பக்கம் பொத்தான் சேரவில்லை. தோல்பைக்குப் பதிலாக இப்போது ரெக்சின் பை கொடுத்தார்கள், அதுவும் வார் அறுந்தது.

ஐந்து இருபத்தைந்துக்குக் கொட்டடியில் வண்டி கிளம்பியது. பெண்கள் ஏறும்போதே அவரைப் பார்த்துவிட்டுக் கலகலத்தார்கள். பதவி இறக்கம் கொடுத்துவிட்டார்களா, லஞ்சம் வாங்கினீர்களா என்று ஒருத்தி வாயைக் கிண்டினாள். அவர் விசிலை ஊதிவிட்டு, முப்பது நாளைக்கு ஒவ்வொருத்தருக்கும் தனித்தனிச் சீட்டு, எல்லாரும் இறங்குகிற இடத்தைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சூளை ஸ்டாப் போய்விடும் என்று சொல்லிப் பார்த்தார். எழுபத்து நான்கு பேர் பேசுகிற சத்தத்தில் பாதிப் பேருக்குக் காது கேட்கவில்லை, கேட்ட பாதிப் பேர் நம்பவில்லை.

"எங்கம்மா இறங்கணும்?"

"என்னண்ணே, தெரியாத மாதிரி கேக்கற?"

"தெரியும். நீ வாயால சொல்லு."

"சூளைதான்."

அடித்தார். கிழித்தார். கொடுத்தார். அடுத்தவள். பிறகு அடுத்தவள். பழைய விரல் என்றால் ஐந்து நொடியில் ஒரு சீட்டு. இப்போது பத்துப் பன்னிரண்டு நொடி ஆயிற்று. முதல் ஸ்டேஜில் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். இரண்டாவது ஸ்டேஜிலும் சொன்னார். மூன்றாவது ஸ்டேஜில் டிரைவர் எரிச்சலோடு திரும்பிப் பார்த்தார். கைக்கடிகாரம் ஐந்து ஐம்பத்தொன்று. வண்டிக்குள் பேச்சு குறைந்து, ஒருமாதிரி முணுமுணுப்பு கிளம்பியது. பின் சீட்டிலிருந்து ஒரு கிழவி, சனியன் பிடித்த மெஷினைத் தூக்கி எறி என்று கத்தினாள். இன்னொருத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டே கெஞ்சினாள், போன மாசமே மூணு அரை நாள் போச்சு, பழையபடி மொத்தமா அடிச்சு விட்டுரு, உனக்குப் புண்ணியமாப் போகும் என்று.

மாசிலாமணியின் கட்டைவிரல் மெஷின்மேல் அப்படியே நின்றது. ஒரே அடி. 'பெண்கள் 31' என்று அடித்தால் முடிந்தது. விசில் ஊதலாம். எல்லாரும் ஓடிப்போய் விரல் வைத்துவிடலாம். இன்றைக்கு இவர்கள் பிழைப்பார்கள், முப்பது நாளில் ஸ்டாப் போய்விடும். அவருக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. இந்த நாசமாய்ப்போன உலகத்தில் ஒரு மனுஷி வேலைக்குப் போகிறாள் என்பதை நிரூபிக்க அவள் கூலியையே பிடுங்க வேண்டியிருக்கிறதே என்று தோன்றியது.

"எங்கம்மா இறங்கணும்?" என்றார் அடுத்தவளிடம்.

சூளையில் வண்டி நின்றபோது ஆறு ஒன்பது. பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்வாசலைப் பார்த்து ஓடினார்கள். ஓடுகிறபோதே அவரைத் திட்டிக்கொண்டு ஓடினார்கள். வீராயி ஓடவில்லை. கடைசியாக இறங்கி, படிக்கட்டருகே நின்று கையிலிருந்த சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பதினைந்து வருஷத்தில் முதல்முறையாக அதில் அவள் இறங்கும் இடம் அச்சாகியிருந்தது.

"முப்பது நாளும் இப்படித்தானா?"

"இப்படித்தான்."

"அப்ப பதினஞ்சு நாள் கூலி போச்சு."

மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டார். 

"ஸ்டாப்பு நிக்கும்ல?"

"நிக்கும்."

"நிக்காம மட்டும் போகட்டும், அப்புறம் பேசிக்கறேன்," என்றாள் வீராயி. சீட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். வணக்கமும் சொல்லவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஏழு மணிக்கு மாசிலாமணி காக்கிச் சட்டையோடே திட்டப் பிரிவுக்குப் போனார். அவர் நாற்காலியில் இப்போது வேறு ஆள். ஆரபிதான் இரக்கப்பட்டுத் தன் மேஜைப் பக்கம் கூப்பிட்டு உட்கார வைத்தாள். திரையில் ஊத்துப்பாறையில் கூட்டம் கொஞ்சம் குறைந்திருந்தது. எழுபது பேர் குறைந்திருந்தார்கள். ஒன்பதாயிரத்தில் எழுபது கண்ணுக்குத் தெரியவா போகிறது, ஆரபி கணக்கைக் காட்டித்தான் அவருக்குத் தெரிந்தது. 40217-ஐக் கூப்பிடச் சொன்னார்.

வந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"காலையில எங்கம்மா இறங்கின?"

"சூளையிலங்க."

"அங்க என்ன வேலை?"

"ஆஸ்பத்திரியில துப்புரவு வேல. இன்னிக்கு அரை நாள் போச்சு."

மாசிலாமணி திரைப்பக்கம் குனிந்தார். "ஏன்?" என்று கேட்டார்.

"கண்டக்டர் ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் வண்டிய நிறுத்திட்டாருங்க. ஒவ்வொருத்தியா எங்க எறங்கற எங்க எறங்கறன்னு கேட்டுக்கிட்டு. எழுவது பேருக்கும் போச்சு."

"அந்தக் கண்டக்டர்மேல கோவமா?"

"பின்ன? அந்தாள மாத்துங்க."

ஆரபி சட்டென்று திரையின் கீழ்ப்பக்கம் பார்த்தாள். மாசிலாமணியும் பார்த்தார். ஒன்பதாம் நம்பர் தடத்துக்கு நேரே எத்தனையோ மாதமாக அசையாமல் இருந்த அந்த வரி மாறியிருந்தது. ஆட்சேபம்: 70. ஆரபி விரல் வைத்து விரித்தாள். எழுபதும் ஒரே ஆட்சேபம்தான். காலை முதல் வண்டி தாமதம், கண்டக்டரை மாற்ற வேண்டும்.

"இது உங்கமேல குடுத்த புகார் சார்," என்றாள் ஆரபி தயக்கத்தோடு. "திட்டத்துக்குச் சம்பந்தம் இல்லாததுன்னு நான் நீக்கிடலாம். நீக்கவா?"

"கைய வெக்காத," என்றார் மாசிலாமணி. "இருக்கட்டும்."

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் நகல் புகாரைப் பரிசீலித்து முடித்துவிட்டது. தீர்வு என்று கீழே இரண்டு வரி வந்தது. கண்டக்டரை மாற்றத் தேவை இல்லை, சீட்டுகள் சரியாக உள்ளன. நாளை முதல் கொட்டடி முதல் வண்டி காலை ஐந்து பத்துக்குப் புறப்படும்.

மாசிலாமணி அதை இரண்டு தடவை படித்தார். ஒரு வாரம் கத்தினார், ஐந்து மெயில் போட்டார், தங்கள் கருத்துக்கு நன்றி. இருக்கவே இருக்காத ஒருத்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னாள், பஸ் கால் மணி நேரம் முன்னால் கிளம்பிவிட்டது.  திரையில் 40217 இன்னும் போகவில்லை. நகலில் இருப்பவர்கள் கேட்டால் பதில் சொல்வார்கள், அவர்களாக எதையும் கேட்டதில்லை. இவள் கேட்டாள்.

"நாளைக்காவது நேரத்துக்குக் கொண்டுபோய் விடுவாரா அந்தாளு?"

"விட்டுருவாரும்மா," என்றார் மாசிலாமணி.

கொட்டடித் தெருவில் நாலு பேரிடமாவது இப்போதே சொல்லிவிட்டால் விடிவதற்குள் எல்லாருக்கும் எட்டிவிடும். முதலில் வீராயி வீட்டுக்குப் போக வேண்டும். ஐந்து பத்துக்கு வண்டி என்றால் அவரும் இனி மூன்றரைக்கே எழுந்தாக வேண்டும். வார் அறுந்த பையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, யாரைத் திட்டுவது என்று தெரியாமல் பொதுவாகத் திட்டிக்கொண்டே மாடிப்படி இறங்கினார்.